சக்தி வந்தவனுக்கு மாத்திரை எதற்கு?

என் செல்லத் தம்பி முரளிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். கேட்டால், "நான் நல்லாத்தான்க்கா இருக்கேன், நீ உன் பிரஷரப் பாரு" என்பாய். உன் வாய் எனக்குத் தெரியாதா?

நேற்று திவ்யாவோடு சிரம்பானில் படம் பார்த்தேன். நீ தூக்கி வைத்திருந்தபோது பல்கூட முளைக்காத என் மகள், இப்போது நீலாயில் காலேஜ் படிக்கிறாள். அவளுக்குச் சூப்பர்ஹீரோ படமென்றால் உயிர். வில்லன் மனநல மருத்துவமனையிலிருந்து தப்பி வந்தவன். அவன் தனியாகப் பேசும்போதெல்லாம் தியேட்டரே சிரித்தது. ஹீரோவுக்கும் காதில் குரல் கேட்கிறது, ஆனால் அவனுக்கு அது வரமாம். மாத்திரையை எல்லாம் கொட்டிவிட்டு, ஓடுகிற ரயிலை ஒற்றைக் கையால் நிறுத்துகிறான். விசில் பறந்தது. நான் திவ்யாவைத்தான் பார்த்தேன்.

காரில் ஏறியதும் திவ்யா சொன்னாள்: "எங்கள மாதிரி ஆளுங்கள ஒண்ணு கொலகாரனா காட்டுறாங்க, இல்லன்னா பவர் குடுத்துடுறாங்க. மாத்திரையப் போட்டுட்டு சும்மா வேலைக்குப் போறவன் ஒருத்தன்கூட இல்லலா."

ஆமாம் முரளி, 'எங்கள மாதிரி' என்றுதான் சொன்னாள். உனக்கு வந்தது அவளுக்கும் வந்திருக்கிறது. ஆறு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறாள். எந்தச் சாமியிடம் போய்ச் சண்டை போடுவேன், சொல்லு?

கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்: "மாமாவுக்கும் இதானம்மா? குடும்பத்துல யாருக்காச்சும் இருக்கான்னு டாக்டர் கேட்டப்ப நீங்க தலையக் குனிஞ்சுக்கிட்டு இல்லன்னு சொன்னீங்க."

வண்டியை ஓரம் கட்டிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

நம் கோலா சாவா செம்பனைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நீ உன் காதில் கேட்ட குரலை உரக்கச் சொன்னாய். கூட்டம் உன் காலில் விழுந்தது. மறுநாளே நம் வீட்டு வாசலில் வரிசை, குறி கேட்க. அதுவரை கிறுக்கன் என்றவர்கள் உன்னைச் சாமி என்றார்கள். எனக்கு என்ன பெருமை தெரியுமா? வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டே கை ஓய்ந்துபோனது.

டாக்டர் கொடுத்த மாத்திரையை நீயாக நிறுத்தவில்லை. நான்தான், "சக்தி வந்தவனுக்கு மாத்திர எதுக்குடா?" என்று வாங்கிக் கொல்லைச் சாக்கடையில் போட்டேன். நீ என்னை நம்பினாய். அடுத்த மாதமே தூக்கம் இல்லை, சோறு இல்லை. பட்டப்பகலில் ரந்தாவ் ரோட்டின் நடுவில் நின்று, செம்பனைக் குலை ஏற்றி வந்த லாரியை நோக்கிக் கையைக் காட்டினாய். அது நிற்கும் என்று நினைத்தாய். சாக வேண்டும் என்று நீ நிற்கவில்லை, அது எனக்குத் தெரியும்.

இத்தனை வருஷமும் ஊருக்கு, "ஆக்சிடென்" என்றே சொல்லி வந்தேன். அந்தப் படம் எடுத்தவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

திவ்யா அழுதாள். என்னை வெறுப்பாள் என்று நினைத்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மாமாவுக்கு அப்ப என்ன வயசும்மா?" என்று மட்டும் கேட்டாள். இருபத்திரண்டு என்றேன்.

ஒன்று தெரியுமா? திவ்யாவுக்குக் குரல் கேட்பதை எப்படியோ அறிந்து, போன வாரம் கோயில் ஆட்கள் வந்திருந்தார்கள். "புள்ளைக்கு மாமனோட அருள் எறங்கியிருக்கு, திருவிழாவுக்கு அனுப்பும்மா" என்றார்கள். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை.

இனி அப்படி இருக்க மாட்டேன் தம்பி. அவளோடு திருவிழாவுக்குப் போவேன், மாரியம்மனைக் கும்பிடுவேன். ஆனால் யாராவது அவள் கையில் வேப்பிலையைத் திணிக்க வந்தால், கோயில் மைக்கைப் பிடுங்கி, என் தம்பிக்கு இருந்தது வியாதி, அவன் மருந்தை நிறுத்தியவள் நான் என்று தோட்டமே கேட்கச் சொல்வேன். சத்தியமாகச் சொல்வேன்.

உன்னைச் சாமியாக்கிப் பறிகொடுத்த,
உன் அக்கா