நான் சொன்ன மூன்று காரணங்கள்

என் செல்வி அக்காவுக்கு,

நீ போய் இரண்டு வருடமாகிறது. உன் மகள் யாழினி இப்போது ஹட்டனில் என் வீட்டில்தான் இருக்கிறாள். என்னைவிட உயரமாகிவிட்டாள். கோபம் வந்தால் உன்னைப் போலவே பேசாமல் இருந்து கொல்கிறாள்.

என் வேலை உனக்குத் தெரியும். தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் தகவல்களை வைத்து, எங்கே மண்சரிவு வரலாம், எந்த லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்று கணித்துச் சொல்வது. "எந்தம்பி சொன்னாத்தான் லயத்த விட்டு எறங்குவோம்" என்று எல்லாரிடமும் பெருமையடித்துக்கொள்வாயே.

அந்த வாரம் மூன்று முறை போன் பண்ணினாய். "பீலியில ஊத்துத் தண்ணி கலங்கலா வருதுடா" என்றாய். மேலே ரோடு வெட்டுகிறார்கள், அந்த மண்தான் என்றேன். "கதவு சாத்தவே முடியல." மழைக்குப் பலகை ஊதியிருக்கும் என்றேன். கடைசியாக, "வாசல்ல நீளமா வெடிச்சிருக்குடா, பயமா இருக்கு." பழைய சிமெந்து அக்கா என்றேன்.

"சரிடா, நீ சொன்னா சரி."

மறுநாள் மத்தியானம் மலை சரிந்து லயத்தின்மேல் இறங்கியது. காய்ச்சல் என்று நீ வேலைக்குப் போகாமல் வீட்டில் படுத்திருந்த நாள். யாழினி பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

அதற்கு முன் இரண்டு தடவை என் பேச்சைக் கேட்டு உங்கள் லயமே பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்தது. ஒன்றும் நடக்கவில்லை. நான் வாங்கிய ஏச்சு கொஞ்சமா? மூன்றாவது தடவையும் பொய்யாகிவிடுமோ என்ற பயத்தில், ஆபத்தில்லை என்று முதலிலேயே முடிவுகட்டிவிட்டேன். பிறகு நீ சொன்னதையெல்லாம் அந்த முடிவுக்கு ஏற்றபடிதான் கேட்டேன்.

நீ போன பிறகு, வேலையிடத்தில் என்னை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். நாம் நினைப்பதற்குச் சாதகமானதைத்தான் மனம் பொறுக்கியெடுக்கும், அது பிழையென்று காட்டக்கூடியதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்றார் பாடம் எடுத்தவர். நீ சொன்ன மூன்றையும் கொப்பியில் எழுதிப் பார்த்தேன். மூன்றுக்கும் மூன்று காரணம் சொன்னேனே, எல்லாவற்றுக்கும் மலை நகர்கிறது என்ற ஒரே காரணம் இருக்குமோ என்று ஏன் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை? வெளியே வந்து, யாரும் பார்க்காத இடத்தில் நின்று அழுதேன்.

போன மாதம் டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். "நெலம் வெடிச்சிருக்குங்க சார்." வெயில் வெடிப்பாக இருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படியில்லை என்றால் வேறென்ன அடையாளம் தெரிய வேண்டும் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். மரங்கள் சாய்ந்திருக்கின்றன என்றாள். அன்றைக்கே எல்லாரையும் இறக்கச் சொன்னேன்.

மலை சரியவில்லை. "புள்ளைங்கள வச்சிக்கிட்டு மூணு நாளா பள்ளிக்கூடத்துல கெடந்தோமே, ஒண்ணுமே நடக்கலயே சார்" என்று அவள் ஏசினாள். ஏசட்டும். ஏசுவதற்கு அவள் இருக்கிறாள்.

நேற்றுக் காலை யாழினி கேட்டாள். "மாமா, அம்மா ஒங்ககிட்ட அதுக்கு முன்னாடி ஒண்ணுமே சொல்லலயா?"

பஸ் போய்விடும், கிளம்பு என்றேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் அக்கா. எனக்காக ஒரு சாக்கும் சொல்லமாட்டேன். உங்கள் முகத்தில் முழிக்கவே மாட்டேன் என்று அவள் போனாலும் சரி, சொல்லிவிடுவேன்.

நீ நம்பிய தம்பி,
சிவா