நடுமேடையில் நிற்கக் கூடாது

மார்ச் 4, திங்கள்
என் ஆட்ட ஜோடி இமெல்டா முழங்காலைத் திருகிக்கொண்டாள். ஆடும்போது அல்ல, கடை வாசலில் வழுக்கி! மே மாத ஐரிஷ் நடனப் போட்டியில் இருவர் ஆட்டத்துக்கு எனக்கு இப்போது ஜோடி இல்லை. இந்த எனிஸ் ஊரில் நாற்பது வயதுக்காரியோடு மேடையேற வேறு யார் வருவார்கள்?

லிமெரிக்கில் ஒருத்தி இருக்கிறாள். என் தங்கை டெர்வ்லா. எந்த முகத்தோடு கேட்பேன்?

மார்ச் 7
கேட்டுவிட்டேன்.

"எதுக்கு, நூலா அக்கா? மறுபடியும் சிரிக்கவா?" போனை வைத்துவிட்டாள்.

சிரித்தேன்தான். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது, எனக்குப் பதினைந்து; ஜோடியாக ஆடினோம். ஆட்டத்தின் நடுவே இந்த ஆட்டத்துக்கு எல்லாரும் மாட்டும் சுருள்முடி விக் அவள் தலையிலிருந்து கழன்று விழுந்தது. அரங்கமே சிரித்தது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். என்ன ஆனாலும் நடுமேடையில் நிற்கக் கூடாது என்பது எங்கள் டீச்சர் தலையில் அடித்துச் சொன்ன பாடம். அவள் கையை விட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே தனியாக ஆடி முடித்தேன். அவள் அதற்குப் பிறகு ஆடவே இல்லை. கிறிஸ்துமஸ், பிறந்தநாள் என்று எல்லாம் பேசுவோம், இதைத் தவிர. அன்றே மன்னிப்புக் கேட்டிருந்தால் எனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

மார்ச் 8
செய்தி அனுப்பினேன்: "அன்னிக்கு உன் கையை விட்டது தப்பு, டெர்வ்லா."

மார்ச் 17
ஊர்த் திருநாள் ஊர்வலத்தில் கொட்டும் மழை. பதில் இல்லை.

மார்ச் 24
வந்துவிட்டாள்! வாசலில் நிற்கிறாள், கையில் புது ஷூ.

"விக் போட மாட்டேன். சம்மதம்னா உள்ள வரேன்."

"வாடி முதல்ல, நனையுற."

சமையலறை மேசையை ஒதுக்கிவிட்டு ஆடினோம். அவள் கால்கள் எந்த அடியையும் மறக்கவில்லை. "மூச்சு முட்டுது, செத்தேன்" என்று புலம்பினாள். ஆனால் உட்காரவில்லை.

மே 12
போட்டி முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். எழுதியே ஆக வேண்டும்.

பாதி ஆட்டத்தில் என் ஷூ நாடா அவிழ்ந்தது. தெரியாததுபோல் ஆடினேன். அவள் பார்த்துவிட்டாள்.

"நில்லு."

"நிக்கக் கூடாதுடி!"

"விழுந்து மூக்கை உடைச்சுக்கப் போறியா? நில்லுன்னா நில்லு."

எல்லார் முன்னாலும் மண்டியிட்டு, இரட்டை முடிச்சாகக் கட்டினாள். அக்கார்டியன்காரர் வாசிப்பை நிறுத்தவில்லை. கூட்டம் கைதட்டித் தாளம் போட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து கையை நீட்டினாள். "இப்ப வா."

முதல் அடியிலிருந்து மறுபடி ஆடினோம் — ஆட்டமா அது! தரையில் கால் பட்டதாகவே நினைவில்லை. நடுவர் அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நின்றதால் மதிப்பெண் கிடையாது. போகட்டும். கடவுளே, இவ்வளவு சந்தோஷமாக நான் எப்போது ஆடினேன்?

மே 20
தபாலில் ஒரு பெட்டி. உள்ளே அதே சுருள்முடி விக். அலசிச் சீவி, இத்தனை வருஷமும் வைத்திருந்திருக்கிறாள்! கூடவே ஒரு சீட்டு:

"அடுத்த போட்டிக்கு ரெண்டு பேர் பேரையும் குடுத்துட்டேன். இதை நீ போட்டுக்கோ. விழுந்தா கண்டிப்பா சிரிப்பேன். கையை விட மாட்டேன்."

போட்டுப் பார்த்தேன். தலைக்குப் பற்றவில்லை. விழாமல் குத்திக்கொள்ள நாளைக்குக் கொண்டை ஊசி வாங்க வேண்டும்.