அஅஅ என்ற வாசிப்பாளர்

மார்ச் 4

ஆள் உண்மையிலேயே இல்லையா, இருந்தும் என் திரை காட்டவில்லையா?

மாலையில் ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் கேட்டது இதுதான். தெரியவில்லை என்றே சொன்னேன்.

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து தரும் சங்கம் அவருடையது. அதன் இணையதளத்தை எழுதியதும் பராமரிப்பதும் நான். நிர்வாகத் திரையில் மூன்றே மூன்று வடிகட்டிகள்: மொழி, ஊர், சேர்ந்த ஆண்டு. இயற்பியல் வாசிக்கத் தெரிந்தவர், மாலையில் நேரம் உள்ளவர் என்றெல்லாம் தேட வழியில்லை. ஒருங்கிணைப்பாளர் அம்மாள், வாசிக்க முன்வந்த தன்னார்வலர் ஒவ்வொருவரின் பதிவையும் திறந்து, படித்து, மூடுகிறார்.

"ஃபிசிக்ஸ் கடைசி வருஷப் பொண்ணு மேடம். வாசிச்சுக்கிட்டிருந்தவர் வெளியூருக்கு மாத்தலாகிப் போயிட்டார். நாலு பாடம் அப்படியே நிக்குது. மாசக் கடைசியில பரீட்சை. விட்டா ஒரு வருஷம் போச்சு."

"பார்க்கிறேன்" என்றேன். யாரிடமும் எனக்கு அதற்கு மேல் வாய் வருவதில்லை.

மார்ச் 6

"நிபந்தனை சேர்" என்று ஒரு பொத்தான், நான் எழுதும் புதிய தேடல் திரையில். அழுத்தினால் ஒரு வரிசை: எந்தத் தகவல், எப்படி ஒப்பிட, எதனோடு. வேண்டுமானால் இன்னொரு வரிசை. வேண்டாததை நீக்கலாம். தேதியைத் தேர்ந்தால் "முன்", "பின்" என்று கேட்கும். பாடத்தைத் தேர்ந்தால் "ஆகும்", "அல்ல". பாடங்களின் பெயர்களை நான் எழுதி வைக்கப்போவதில்லை. பதிவுகளில் என்னென்ன உண்டோ அவையே பட்டியலில் வரும். நாளை யாராவது வானியல் என்று சேர்ந்தால் வானியலும் தானாக வந்துவிடும்.

அவர் என்ன தேடுவார் என்று முன்கூட்டியே நான் முடிவு செய்தது எவ்வளவு அதிகப்பிரசங்கித்தனம்.

கணவர் எட்டிப் பார்த்தார். "என்ன, சிரிச்சுக்கிட்டே தட்டுற?"

"சிரிக்கல."

"சரி, பல்லு மட்டும் தெரியுது."

மார்ச் 9

பாடம் நிரப்பாதவர்கள் "அல்ல" என்ற நிபந்தனையில் காணாமல் போகிறார்கள். சரிசெய்தாயிற்று. முதுகு வலி.

மார்ச் 11

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

புதிய திரையைக் காட்டச் சங்கத்துக்குப் போயிருந்தேன். ஒரே அறை, பாதியை அட்டைப்பெட்டிகள் அடைத்துக்கொண்டிருந்தன. ஒருங்கிணைப்பாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தானே நிபந்தனைகளைச் சேர்த்தார். பாடம் ஆகும் இயற்பியல். நேரம் ஆகும் மாலை. தற்போது கையில் வேலை இல்லை. தேடு.

ஒரு பதிவு.

"இருக்காங்க மேடம், ஒருத்தர் இருக்காங்க! பேரு... அஅஅ. மூணு அ. இனிஷியலா இருக்குமோ? மாலை ஏழுலருந்து ஒன்பது. எம்.எஸ்ஸி. அட, இத்தனை நாளா எங்க ஒளிஞ்சிருந்தாங்க இந்த மகராசி?"

நான் வாயைத் திறப்பதற்குள் எண்ணை அழுத்திவிட்டார். மேசைமேல், என் பைக்குள், என் கைபேசி ஒலித்தது.

தளத்தை எழுதிய காலத்தில் சோதனைக்காக நான் போட்ட பதிவு அது. குறுஞ்செய்தி போய்ச் சேருகிறதா என்று பார்க்க உண்மையான எண் வேண்டும். என் எண்ணைக் கொடுத்தேன். படிப்பு, பாடம், நேரம் என்று எல்லாக் கட்டங்களையும் நிரப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. பொய் யோசிக்கச் சோம்பி உண்மையையே தட்டினேன். பழைய திரையில் சோதனைப் பதிவுகளை மறைக்க ஒரு நிரல் வரி இருந்தது. புதியதில் அதை எழுத மறந்திருக்கிறேன்.

அவர் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காதிலிருந்து போனை எடுக்காமலே கேட்டார்: "எடுக்கப் போறீங்களா, இல்ல நான் வேற ஆளைத் தேடணுமா?"

வேறு ஆள்தான் இல்லையே. எடுத்தேன்.

மார்ச் 12

"எம்.எஸ்ஸி. முடிச்சு இருபத்தஞ்சு வருஷமா எனக்கு மட்டும்தானே பாடம் எடுத்த. இனிமே இன்னொருத்தர் பங்குக்கு வராங்களா?" — கணவர்.

புத்தகம் வந்துவிட்டது. பாதி மறந்துபோயிருக்கிறது. இது சரிப்பட்டு வருமா? எனக்கு நம்பிக்கையில்லை.

மார்ச் 15

முதல் பாடத்தை அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் அந்த மாணவியே கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, கோவிச்சுக்காதீங்க. வர்க்கமூலம்னு ஆரம்பிச்சீங்க. அது எங்க முடியுது? கூட்டல் ரெண்டு, உள்ளயா வெளியவா?"

"வெளியே."

"அப்ப 'மூலம் முடிவு'ன்னு சொல்லிட்டு வெளிய வாங்க. அடைப்புக்குறியத் திறந்தா மூடுங்க. திறந்து போட்டுட்டு நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க, நான் உள்ளயே நிக்கிறேன்."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "அப்புறம், நடுவுல குக்கர் மூணு விசில். நாலாவது வருமான்னு காத்திருந்ததுல சமன்பாட்டைக் கோட்டை விட்டுட்டேன்."

முழுப் பாடத்தையும் மறுபடி வாசிக்க வேண்டும். அவள் சொன்னது அத்தனையும் சரி.

மார்ச் 21

மூன்றாவது பாடம் முடிந்தது. ஏழு மணிக்கு மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி உட்காருகிறேன். பேசாமல் இருக்கவே தெரியாத கணவர் ஒன்பது வரை வாயைத் திறப்பதில்லை. சமையலையும் குக்கர் இல்லாமல் அவரே பார்த்துக்கொள்கிறார். நேற்று கதவைக் கொஞ்சமாகத் திறந்து, உப்பு எங்கே என்று விரல்களாலேயே கேட்டார். நானும் விரலாலேயே காட்டினேன்.

வரைபடங்களை வாசிக்கத்தான் திணறுகிறேன். "படத்தில் காண்க" என்று நூலாசிரியர் போய்விடுகிறார், யார் காண்பது? அச்சு எது, வளைவு எங்கே ஏறி எங்கே அடங்குகிறது என்று சொல்லிப் பார்க்கும்போது எனக்கே அது முதன்முறையாகப் புரிகிறது.

நன்றி என்ற சொல்லைச் சந்தேகிக்கிறவள் நான். ஆனாலும், யாரும் பார்க்காத இந்தப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன்: அந்தப் பெண்ணுக்கு, அந்த அம்மாளுக்கு, உப்புக்கு அலைந்த மனிதருக்கு. எழுத மறந்த அந்த ஒரு வரிக்கும்.

மார்ச் 24

நான்காவதும் போயிற்று. "மூடாத குறி ஒண்ணுகூட இல்ல ஆன்ட்டி" என்று செய்தி. ஒரு பட்டம் வாங்கியதுபோல இருந்தது.

மார்ச் 26

நாளை பரீட்சை. வாழ்த்துச் சொல்லக் கூப்பிடலாமா என்று யோசித்து, தொந்தரவு என்று விட்டுவிட்டேன். முடிந்தபின் அவள் கூப்பிடமாட்டாள்; கூப்பிட வேண்டிய அவசியமும் இல்லை. நான்காம் பாடத்தில் ஒரு குறியைத் தவறாக வாசித்துவிட்டேனோ? புத்தகத்தை எடுத்து மறுபடி சரிபார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. இருந்தும் படபடப்பு.

மார்ச் 27

மதியம் வரை ஒன்றுமில்லை. அலுவலகப் படிக்கட்டில் இறங்கும்போது கூப்பிட்டாள்.

"ரெண்டு கேள்விய விட்டுட்டேன். மத்ததெல்லாம் எழுதிட்டேன் ஆன்ட்டி, பாஸாகிடுவேன். நான் சொல்லச் சொல்ல எனக்காக எழுத வந்தவங்களுக்கு ஃபிசிக்ஸ் சுத்தமாத் தெரியாது. நீங்க வாசிக்கிற மாதிரியே நான் சொன்னேன்: அடைப்புக்குறி முடிவு, மூலம் முடிவு. ஒரு இடத்துல அவங்க எழுதாம நிறுத்திட்டு, 'இன்னும் இதை மூடலையேம்மா'ன்னாங்க. மூடிட்டேன்."

படிக்கட்டிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். இறங்கிவந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்து, மறந்துபோன அந்த வரியைப் புதிய திரையில் எழுதினேன். சோதனைப் பதிவுகள் இனி மறைந்துகொள்ளும். அதற்குமுன் ஒரு பதிவைத் திறந்து, "சோதனை" என்ற கட்டத்திலிருந்த டிக் குறியை எடுத்தேன். அஅஅ-வை அழித்துவிட்டு என் பெயரைத் தட்டினேன். நேரத்தை மாற்றவில்லை.