பானெட்டில் குறையாத விபூதி

அக்கா, சோப்புப் போட்டு எத்தனையோ தடவை கழுவிவிட்டேன், கையில் இருக்கிற வினிகர் வாசனை போகவில்லை. சமையல் செய்த கை இல்லை இது, உன் காரைத் துடைத்த கை. பக்கத்து அறையில் என் மகள் படுத்திருக்கிறாள். அவள் புரண்டு படுத்து முனகும்போதெல்லாம் எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். இதை வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய், ஆனால் உன் சிரிப்பு எனக்குப் பழகினது.

விஷயம் இதுதான். மகளுக்கு இது நிறைமாதம். மருமகனுக்குச் சிங்கப்பூரில் வேலை, சனி ஞாயிறுதான் வருவார். நடுவில் வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியது நான்தான். மழை பிடித்துக்கொண்டால் நம் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனில் கூப்பிட்டாலும் ஒரு கார் வராது, உனக்குத் தெரியாததா? என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, பர்ஸுக்குள் சும்மா இருக்கிறது. நீ இருந்தவரை நான் ஸ்டியரிங்கைத் தொட வேண்டியிருக்கவில்லை. "நீ ஓட்டினா ரோட்டுல போற பூனைக்கெல்லாம் நெஞ்சு வலி வரும்டி" என்று சொல்லிச் சொல்லியே என்னைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துவிட்டாய்.

நீ கண்ணை மூடிய பிறகு உன் கறுப்புக் கார் நம் பிளாட்டின் பேஸ்மென்ட்டில் அப்படியே நின்றது. விற்கவும் மனசு வரவில்லை, ஓட்டவும் தைரியம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அவ்வப்போது எஞ்சினை மட்டும் முடுக்கிவிட்டுப் போவார். மகள் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்த அன்று, சாவியை எடுத்துக்கொண்டு நானே கீழே இறங்கினேன். காரின் முன்பக்கம், தூசி படிந்த பானெட்டில் வெள்ளை வெளேரென்று விபூதி இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

உன் கடைசி ஆயுத பூஜை ஞாபகம் இருக்கிறதா? கோயில் வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. குருக்கள் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு அடுத்த காருக்குப் போனார். உனக்கு அது போதவில்லை. தட்டிலிருந்து விபூதியை அள்ளி, தண்ணீர் விட்டுக் குழைத்து, பானெட்டில் மூன்று விரலால் நீயே பட்டை போட்டாய். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியதும், "அவ்வளவுதான்! இனிமே எமனே வந்தாலும் ஹார்ன் அடிச்சிட்டுத்தான் வரணும்லா!" என்றாய். வாயை மூடு என்று உன் கையில் அடித்தேன். அடுத்த ஆயுத பூஜைக்கு நீ இல்லை.

அதனால் அந்த வெள்ளையைப் பார்த்ததும் நான் வேறு எதையும் யோசிக்கவே இல்லை. விரலால் தொட்டேன். லேசாக ஈரமாக இருந்தது. நெற்றியில் இட்டுக்கொண்டு, காரை எடுத்து பேஸ்மென்ட்டுக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினேன். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த வாரம் தெருவுக்கு வந்துவிட்டேன். ஆச்சரியம் என்னவென்றால், எடுக்க எடுக்க அது குறையவே இல்லை அக்கா! மழை பெய்த மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடிக்கூட இருந்தது. சாமி படத்திலிருந்து விபூதி கொட்டியதாகச் சொல்வார்களே, அந்த மாதிரிதான் என்று நினைத்தேன். வெளியே சொன்னால் நின்றுவிடுமோ என்ற பயத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மகள்தான் கேட்டாள். "அம்மா, நெத்தியில என்ன இப்படிச் சிவந்திருக்கு? எரியலையா?" எரியத்தான் செய்தது. பக்தியில் எரிகிறது என்றா சொல்ல முடியும்? வேர்க்குரு என்று சமாளித்தேன். "காரையாவது கழுவுங்கம்மா, பாப்பாவை ஏத்திட்டு வர்ற காரு மாதிரியா இருக்கு" என்றாள்.

அடுத்த ஊரான கிள்ளானில் நீ வழக்கமாகக் காரைக் கழுவக் கொடுக்கும் கார் வாஷ் குணாவிடமே கொண்டுபோகலாம் என்று முடிவு செய்தேன். ஃபெடரல் ஹைவேயில் தனியாகப் போவது எனக்கு அதுதான் முதல் தடவை. புறப்படும் முன் நெற்றி நிறையப் பூசிக்கொண்டேன். இரண்டு பக்கமும் லோரிகள். பின்னால் ஒருத்தன் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தான். வாய் ஓயாமல் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் கழுவுப்பா, இதை மட்டும் தொடாதே" என்று பானெட்டைக் காட்டினேன்.

குணா குனிந்து பார்த்தார். "ஏன் ஆன்டி?"

"அக்கா போட்ட விபூதி."

அவர் என் நெற்றியைப் பார்த்தார். மறுபடி பானெட்டைப் பார்த்தார். சிரிக்கவில்லை, அதற்கு அவருக்குப் புண்ணியம். "ஆன்டி, கோவிச்சுக்காதீங்க. இது விபூதி இல்லலா. பேஸ்மென்ட்ல மேலருந்து சொட்டுதில்ல, அந்த சிமெண்டுத் தண்ணி. சுண்ணாம்பு. விட்டா பெயிண்டையே தின்னுடும். மொதல்ல நெத்தியக் கழுவுங்க."

குழாயடியில் நின்று கழுவினேன். அப்போதுதான், அக்கா, எனக்கு உண்மையான பயம் வந்தது. விபூதி இல்லையென்றால், அத்தனை லோரிக்கு நடுவில் என்னைக் கொண்டுவந்து சேர்த்தது யார்? ஒருவரும் இல்லை. ஒரு துணையும் இல்லாமல் வந்திருக்கிறேன்! திரும்பிப் போக வேண்டுமே என்று நினைத்ததும் குழாயை மூடக்கூடத் தோன்றவில்லை.

குணா காரை நிழலுக்குத் தள்ளி, பானெட் சூடு ஆறும்வரை விட்டார். தண்ணீர் அடித்து மண்ணெல்லாம் போக்கினார். வினிகரில் தண்ணீர் கலந்து, கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒரு மெல்லிய துணியை அதில் நனைத்து, காய்ச்சல்காரருக்கு நெற்றியில் போடுவதுபோல அந்த வெள்ளையின் மேல் போட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. அடியில் உன் பட்டை ஒரு துளியாவது இருக்காதா என்று துணியை விலக்கி நகத்தால் சுரண்டப் போனேன்.

"ஐயோ, சுரண்டாதீங்க! கோடு விழுந்திடும். அதுவா இளகட்டும்."

துணி காயக் காய அவர் நனைத்தார். கடைசியில் நானே துடைக்கிறேன் என்று கேட்டு வாங்கித் துடைத்தேன். அழுத்தாமல், அழுதுகொண்டே துடைத்தேன். வெள்ளையெல்லாம் துணியோடு வந்துவிட்டது. அடியில் ஒன்றும் இல்லை, கறுப்புப் பெயிண்டும் லேசாக அரித்த வளையம் ஒன்றும்தான். "இதுக்கு மேல தேய்ச்சா பெயிண்ட் போயிடும், இதோட விட்டுடுவோம்" என்று நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, மெழுகு போட ஆரம்பித்தார்.

"நான் எப்படித் திரும்பிப் போவேன் குணா? அக்கா மாதிரி எனக்குத் தைரியம் கிடையாது" என்றேன்.

மெழுகு போட்ட கை நின்றது. "யாருக்கு, அக்காவுக்கா? அவங்களுக்கு லோரின்னாலே பயம் ஆன்டி. தனியா வந்தா ஹைவே பக்கமே வர மாட்டாங்க, பழைய ரோட்லதான் சுத்திக்கிட்டு வருவாங்க. வந்து எறங்கினதும் இந்த நாற்காலியில உக்காந்து தண்ணி கேப்பாங்க. கை நடுக்கம் நிக்கறவரைக்கும் எழுந்திரிக்க மாட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது அக்கா. சத்தியமாகத் தெரியாது.

இந்த மகளைப் பெற நான் வலியில் துடித்த மத்தியானம், கொட்டுகிற மழையில், அதே ஹைவேயில், லோரிகளுக்கு நடுவே என்னைக் கொண்டுபோனாய். வழியெல்லாம் கதை பேசினாய். "பொண்ணு பொறந்தா என் மூக்கு, பையன் பொறந்தா உன் புருஷன் மூக்கு, பாவம்!" என்று நீ சொன்னதற்கு வலிக்கு நடுவிலும் சிரித்தேன். இறங்கும்போது உன் கையைப் பிடித்தேன், சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மழை என்று நினைத்தேன். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்த காருக்குள் ஏது மழை?

இன்று பழைய ரோட்டிலேயே திரும்பி வந்தேன். வெறும் நெற்றியோடு வந்தேன். வழியெல்லாம் நடுங்கினேன். இதோ மகள் கூப்பிடுகிறாள், வலியா வெறும் பிடிப்பா தெரியவில்லை. சாவியை மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வலியாக இருந்தால் போவேன் அக்கா. கை நடுங்கும், நடுங்கட்டும். அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன்.