சக்கையின் துவர்ப்பு

அன்புள்ள அண்ணனுக்கு,

என் வீட்டுக்காரரை அந்தத் தொட்டிக்குள் இறக்கியது நீதான். கம்பெனி என்ன எழுதினாலும் நடந்தது அதுதான்.

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். கோபப்படத் தெம்பில்லை. கோபத்தையும் சுருக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருக்கிறோம். அவரால் மாடிப்படி ஏற முடியவில்லை என்று கீழே பின் அறைக்கு மாறிவிட்டோம். சுவரெல்லாம் ஈரம். பாப்பா பள்ளிக்கூடம் போகிறாள். நான் இன்னும் தொழிற்சாலையில் திராட்சை தரம் பிரிக்கும் மேசையில்தான் நிற்கிறேன். அழுகின பழத்தைப் பொறுக்கிப் போட்டுவிட்டு வந்து அவருக்கு ஊட்டிவிடுகிறேன்.

நீ கலந்த ஒயினுக்குப் பதக்கம் கிடைத்து, உன்னைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றியதும் மேனேஜர் உன் படத்தை வாசலில் மாட்டிவிட்டார். உள்ளூர்த் திராட்சையில் பிரெஞ்சுப் பாணிச் சிவப்பு ஒயின் என்று கீழே எழுதியிருக்கிறது. அந்தக் கலவை கைக்கு வராமல் நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். இந்த வெயிலில் பழம் சீக்கிரம் இனித்துவிடுகிறது, ஒயின் வாயில் நிற்காமல் வழுக்குகிறது என்று குவளைகளை வரிசையாக வைத்துக்கொண்டு புலம்புவாய். தொட்டியின் அடியில் தங்கும் திராட்சைச் சக்கையைப் பிழிந்து வருகிற கறுத்த ஒயினைக் கொஞ்சம் சேர்த்தால் துவர்ப்பு வந்துவிடும் என்றாய். மறுநாள் அதை ருசி பார்க்கப் பிரெஞ்சு விருந்தாளி வருவதாக இருந்தது.

ஒயினை வடித்தபின் ராத்திரி முழுக்கக் காற்றாடி ஓடி, தொட்டிக்குள் தேங்கிய, மூச்சை அடைக்கிற வாயு போன பிறகுதான் சக்கை அள்ள ஆள் இறங்க வேண்டும். அதை எழுதி ஒட்டியதே நீ. அன்றைக்குக் காற்றாடி போடும் முன்பே நீயே வந்து, "மாப்ள, ரெண்டு கூடை மட்டும் அள்ளிக் குடுங்க, போதும்" என்றாய். மச்சான் கேட்டால் அவர் மறுப்பாரா? இறங்கினார். சக்கை மேலேயே குப்புற விழுந்தார்.

சட்டையில் ஒயின் நாற்றமாம். அதனால் குடித்துவிட்டுத் தானாகவே இறங்கினாராம். விசாரணையில் கம்பெனி சொல்வது இதுதான். சக்கையில் விழுந்தவர் சட்டை பன்னீராகவா மணக்கும்? ருசி பார்க்கக் கொடுத்ததையே துப்புகிறார் என்று 'துப்புற மாப்ள' என்று அவருக்குப் பெயர் வைத்தவன் நீ. தொழிற்சாலையே அதைச் சொல்லிச் சிரித்தது. இப்போது ஒருத்தருக்கும் அந்தப் பெயர் ஞாபகத்தில் இல்லை.

அவருக்குப் பாதி நினைவு திரும்பவில்லை. காலையில் கண் விழித்ததும், "மச்சான் கேட்டது போய்ச் சேந்துச்சா?" என்கிறார். சேர்ந்துவிட்டது என்று சொன்னால்தான் சாப்பிட வாயைத் திறக்கிறார். தினமும் சொல்கிறேன்.

வேலை போய்விடும் என்று பயப்படுகிறாய். அண்ணி மாசமாக இருக்கிறாள். பயம் நியாயம்தான். அதற்காக என் வீட்டுக்காரர் குடிகாரராக வேண்டுமா?

அண்ணியை வெயிலில் அலையவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடச் சொல். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். இவரை மாமா என்று கூப்பிட்டு மடியில் ஏறட்டும்.

வியாழக்கிழமை கடைசி விசாரணை. அவர் குடிக்கவில்லை, இறங்கச் சொன்னது நான் என்று வந்து சொல். வேறு எதுவும் கேட்கவில்லை. போன கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை.

வருவாயா அண்ணா?

உன் தங்கை