ஸ்கூட்டர் காசும் மாதா உண்டியலும்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். பூசைக்குப் போகவில்லை, அத்தை மட்டும். கால் இரண்டும் வீக்கம். வாளியில் உப்புத் தண்ணீர், அதில் காலை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நேற்று கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா ஒருவரின் வீட்டம்மா, பிரான்சிலிருந்து லீவுக்கு வந்தவள். நாற்பது புடவை விரித்தோம், ஒன்றும் எடுக்கவில்லை. “கூலர் இன்னும் கொஞ்சம் லைட்டா இருந்தா நல்லாருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். நிறத்தைத்தான் சொல்கிறாள். மடித்து வைக்க ஒன்பது மணி. அரியாங்குப்பம் பஸ்ஸில் நின்றபடியே வந்தேன். நாள் முழுக்க நிற்கிறவளுக்குப் பஸ்ஸிலும் நிற்பதுதான் எழுதியிருக்கிறது.

ஜெயா தன் ஸ்கூட்டரை விற்கிறாள். என்னோடு புடவைப் பிரிவில் நிற்கிறவள். பதினைந்தாயிரம், எனக்கென்பதால். “மாசக் கடைசிவரைக்கும் வச்சிருக்கேன் பிலோ. அதுக்கு மேல எங்க ஊட்டுக்காரரு உட மாட்டாரு.”

ஏசி மெக்கானிக் வேலைக்கு இவரிடம் பைக் இருக்கிறது. அதில் ஏசி கேஸ் சிலிண்டரும் டூல்ஸ் பையும் ஏறும். நான் ஏற இடமில்லை.

என் கணக்குப்படி உண்டியலில் பதிமூன்றாயிரம் சொச்சம். இந்த மாதம் ஓவர்டைம் வந்தால் சரியாகிவிடும்.

ஆகஸ்ட் 6, புதன்

வாரம் ஐநூறு. பிப்ரவரியிலிருந்து ஒரு வாரம்கூடத் தப்பவில்லை. வெட்டியவை: கடை டீ, பூ, கேபிள், ஞாயிற்றுக்கிழமை மட்டன் (மாதம் ஒருமுறை மட்டும்). மகள் ரீனாவின் ஹாஸ்டல் பணத்தில் கை வைக்கவில்லை.

இதற்கு முன் நான் சேர்த்த லட்சணம்:
அரிசி டப்பா. இவர் கேஸ் நிரப்ப எடுத்தார்.
பீரோவில் புடவை மடிப்பு. பெட்ரோலுக்கு.
தலையணை உறை. அத்தை துவைக்கப் போட, இவர் நோட்டுகளைக் காயவைத்துக் கொடுத்தார், பாதியை.

கேட்டால், “தரேன்னு சொன்னேன்ல.” தருவார். பத்து நாள் கழித்து, அதிலும் பாதி. கெட்ட மனிதர் இல்லை. கண்ணில் பட்ட காசு செலவாகிவிடும், அவ்வளவுதான். பேங்கில் போட்டாலும் ஏடிஎம் கார்டு இவர் பர்ஸில்.

அதனால்தான் மண் உண்டியல் வாங்கி, மார்க்கரில் ‘வேளாங்கண்ணி மாதா’ என்று எழுதி, வீட்டிலிருக்கும் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மாதா காசை இந்த வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். அவசரத்துக்குக்கூட நானும் தொட மாட்டேன். அதுதான் வேண்டியது. மாதாவிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன்: இது என் ஸ்கூட்டர் காசு, நீங்கள் காவல் மட்டும்.

ஆகஸ்ட் 9, சனி

மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு, வரவில்லை. பக்கத்து வீட்டு அஞ்சலை மீன் கூடையோடு வந்தாள். புருஷன் கடலுக்குப் போயிருக்கிறான், காற்று சரியில்லையாம். இடுப்பிலிருந்து இருபது ரூபாய் எடுத்து, “மாதாவுக்குப் போட்டுடுக்கா” என்றாள். நான் வாங்குவதற்குள் அவளே போய்ப் போட்டுவிட்டாள். கும்பிட்டாள்.

இது நாலாவது தடவை. அத்தையும் சனிக்கிழமை தவறாமல் பத்து ரூபாய், முட்டி வலிக்கு. இதை நான் யோசிக்கவே இல்லை. மாதா பேரை எழுதினால் எடுக்க மாட்டார்கள் என்று யோசித்தேனே தவிர, போடுவார்கள் என்று யோசிக்கவில்லை. போடாதே என்று எந்த வாயால் சொல்வது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா விண்ணேற்பு. காலைப் பூசை, பிறகு கடை. ஊருக்கெல்லாம் லீவு, துணிக்கடைக்கு இல்லை. கடலூர் ரோட்டில் காவி கட்டி நடந்து போகிறவர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். நம்மால் நிற்கவே முடியவில்லை, அவர்கள் வேளாங்கண்ணிவரை நடக்கிறார்கள்.

தெருவிலுள்ள கோயில் குடும்பங்கள் சேரும் அன்பியக் கூட்டத்துக்குப் போய்வந்த அத்தை, ராத்திரி சாப்பிடும்போது: “அன்பியத்துல பஸ் வுடுறாங்க. வேளாங்கண்ணி கொடியேத்தத்துக்கு நானும் போறேன். போறதுதான் போறேன், நம்ம உண்டியலையும் கொண்டுபோயி மாதாகிட்ட கொட்டிட்டு வந்துடுறேன்.”

“சரிங்கத்தை” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? இவரும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம். அத்தை தினமும் உண்டியலைத் தூக்கிப் பார்த்து, “நல்ல கனம்மா” என்று சந்தோஷப்படுகிறார்.

விடிகாலையில் யாரும் எழுவதற்கு முன் கொண்டை ஊசியால் துளையில் கிளறிப் பார்த்தேன். ஒரு பத்து ரூபாய் வந்தது. அத்தையுடையதாக இருக்கும். திரும்பப் போட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது.

கால்வலி மாத்திரை தீர்ந்தது. வாங்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். சண்டே மார்க்கெட்டில் அதே அளவில் இன்னொரு உண்டியல் வாங்கினேன். பழையதை உடைத்து, என் காசை எடுத்துக்கொண்டு, அத்தை காசு, அஞ்சலை காசு, மேலே என் பங்காக ஐநூறு, எல்லாம் புதியதில். மாதாவுக்குச் சேர வேண்டியது மாதாவுக்கு. இதில் பாவம் எங்கே இருக்கிறது? செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அத்தை தூங்கின பிறகு எழுதுகிறேன்.

அத்தை அன்பியக் கூட்டத்துக்குப் போனதும், சமையலறையில் துண்டை விரித்து, அம்மிக் குழவியால் ஒரு தட்டு. உடைந்தது. எண்ணினேன். அதிகம். மறுபடி எண்ணினேன். நான் போடாத ஐநூறு ரூபாய் நோட்டுகள் பத்து, நாலாக மடித்தவை. போன் கவருக்குள் வைக்க இவர்தான் நோட்டை அப்படி மடிப்பார்.

இந்த மனிதர் மாதாவுக்கு ஐந்தாயிரம் போட்டிருக்கிறாரா? என்ன வேண்டிக்கொண்டார்? எனக்கு ஏதாவது வியாதியா, அவருக்கா? பயந்துவிட்டேன்.

அந்த நேரம் இவரே உள்ளே வருகிறார். வேலை நேரத்தில். கையில் ஸ்க்ரூடிரைவர். உண்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஒடைச்சிட்டியா?”

“நீங்க எதுக்கு வந்தீங்க?”

கீழே உட்கார்ந்து மடித்த நோட்டுகளைப் பொறுக்கினார். “டிரில்லிங் மெஷின் வாங்கணும் பிலோ. தெனம் வாடகை குடுத்துக் கட்டுப்படியாவல. சட்டப் பையில வச்சா பாலுக்கு, தண்ணிக்குன்னு நீ எடுத்துடுற. மாதா பேர்ல இருந்தா எடுக்க மாட்டன்னுதான்.”

சிரிப்பு வந்தது. அழுகையும். நான் ஸ்கூட்டரைச் சொன்னேன். இவரும் சிரித்தார். எத்தனை நாளாயிற்று இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து. என்னுடையது ஒரு பக்கம், அவருடையது ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தோம். வாசல் கதவைச் சாத்தவில்லை.

அத்தையும் அன்பியத்துப் பெண்கள் இரண்டு பேரும். பஸ் காசு வாங்க வந்தார்களாம். அத்தை ஓடுகளையும் நோட்டுகளையும் பார்த்தார். மடித்த நோட்டு இன்னும் இவர் கையில் இருந்தது.

“டேய் அந்தோணி, இதெல்லாம் நீ போட்டதாடா?”

“ஆமாம்மா.” வேறென்ன சொல்வார்.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “பூசைக்கே வர மாட்டேங்கறான்னு நான் மாதாகிட்ட அழாத நாளு இல்ல. எம்புள்ள சத்தமில்லாம போட்டுனு வந்திருக்கான் பாருங்கம்மா.” அந்தப் பெண்களும் கண்ணைத் துடைத்தார்கள். ஒருத்தி நோட்டுகளை அடுக்க உதவினாள். என்னுடையது, அவருடையது, அஞ்சலையின் இருபது, எல்லாம் ஒரே கட்டு. நான் வாயைத் திறந்தேன். அத்தை முகத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன். இவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

விடிகாலை பஸ். அத்தை நோட்டுக் கட்டைத் துணிப்பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம். கையாட்டினோம்.

ஜெயாவிடம் வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். செலவு வந்துவிட்டது என்றேன்.

ஏழு மாதம். மாதா மேல் கோபமில்லை என்று எழுதினால் பொய். இருக்கிறது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அத்தை வந்துவிட்டார். எண்ணெய், பொரி, எனக்கு ஒரு செபமாலை. முட்டி வலி பரவாயில்லையாம். இவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு காலைப் பூசைக்குப் போனார். இவர் மறுபேச்சில்லாமல் போனார். தப்பிக்க வழியில்லை, இனி எல்லா ஞாயிறும்.

கடையில் ஓணம் கூட்டம். அஞ்சலை புருஷன் இந்தத் தடவையும் நல்லபடியாகக் கரை சேர்ந்தான். சங்கரா மீன் கொடுத்தாள், காசு வாங்கவில்லை.

செப்டம்பர் 6, சனி

மழை. பஸ்ஸில் நின்றே வந்தேன். சம்பளம் வந்தது. கடன், ஹாஸ்டல், அரிசி போக ஐநூறு தனியாக எடுத்தேன். மறுபடி ஒன்றிலிருந்து. அலுப்பாக இருக்கிறது.

புது உண்டியல் காலியாகக் கிடக்கிறது. அதில் ஒன்றும் எழுதவில்லை.

சாப்பிட்டதும் இவர் போன் கவரிலிருந்து நாலாக மடித்த ஐநூறை எடுத்து என் கையில் வைத்தார். “நீயே வை. உன் வண்டி மொதல்ல, மெஷின் அப்புறம் பாத்துக்கலாம்.” முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பிறகு, “எங்க வைக்கப் போற?” என்றார்.

சொல்லவில்லை. இந்த டைரியிலும் எழுதப் போவதில்லை.