அஞ்சலை அக்காவுக்கு, கேட்டில் உன்னைச் சோதித்தவள்

என் அஞ்சலை அக்கா,

நாளைக் காலை மலாக்காவுக்குப் போகிறேன். கோயிலுக்கு இல்லை, துணி எடுக்கவும் இல்லை. மார்புக் கட்டி பார்க்கும் பெரிய டாக்டர் ஒருவர் அங்கே வருகிறாராம், அவரிடம் காட்டப் போகிறேன். ஆமாம் அக்கா, எனக்கும்தான். உனக்கு இடது பக்கம், எனக்கு வலது பக்கம். அவ்வளவுதான் வித்தியாசம்.

தோட்டத்து ஆசுபத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் ஐயாவை உனக்குத் தெரியுமே, அந்த யாழ்ப்பாணத்துக்காரர். அவர்தான் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்தார். "எப்ப முதல் தெரிஞ்சது, அப்ப எவ்வளவு, இப்ப எவ்வளவு, நோகுதோ இல்லையோ, எல்லாத்தையும் ஒளிக்காமல் எழுதிக் கொண்டு போங்கோ. அங்க போய் நிண்டு முழிக்கக் கூடாது" என்றார். என் கட்டியைப் பற்றி நாலு வரியில் முடிந்துவிட்டது. பென்சிலைக் கீழே வைக்க மனம் வரவில்லை. உன் கட்டியைப் பற்றி எழுத ஆரம்பித்துவிட்டேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதானே.

எனக்கு இந்த வேலை வந்த கதை உனக்குத் தெரியும். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக் கூடாது என்று நாம் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். பால் இறக்க ரப்பர் மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு கவளம்கூடக் கொண்டு போகக் கூடாது என்றார்கள். ஆண்களைப் போலீஸ்காரன் தடவிப் பார்த்தான். பெண்களைத் தடவ ஒரு பெண் வேண்டுமே. கொஞ்சம் படித்தவள், வாயாடி, எவருக்கும் பயப்படாதவள் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். பக்கத்துக் கம்பத்து ஊரிலிருந்து மலாய்க்காரி ரஹிமாவும் வந்தாள். லயத்தில் என் பேர் தடவுற பாக்கியம் என்று ஆனது. நீ மட்டும் கடைசிவரை வெறும் பாக்கியம் என்றுதான் கூப்பிட்டாய்.

அந்தக் காலை நினைவிருக்கிறதா? மறந்திருக்க மாட்டாய். கேட்டுக்குப் பக்கத்தில் அத்தாப்பு ஓலைக் கொட்டகைக்குள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாய். இடது மார்புக்குக் கீழே என் விரலில் கெட்டியாக ஒன்று தட்டியது. சோற்று உருண்டை என்று நினைத்தேன். அதற்கு முந்தின வாரம்தான் ஒருத்தி ரவிக்கைக்குள் அப்படி ஒன்றை வைத்து மாட்டியிருந்தாள்.

"என்னாக்கா இது, என்னையே ஏமாத்துறியா?" என்று வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி கத்தினேன். கையை உள்ளே விட்டு இழுத்தேன். அது வரவில்லை. உன் சதையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இழுக்காதடி. அது என்னோடது" என்றாய். அழவுமில்லை, ஏசவுமில்லை. வாளியை எடுத்துக்கொண்டு வெட்டுக்குப் போய்விட்டாய்.

மத்தியானம் குழாயடியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாய். அது என்ன என்று நான் கேட்பதற்கு முன்பே நீ சொல்லிவிட்டாய். "புத்துதான்டி. எங்கம்மா இப்படித்தான் செத்துச்சு. வாயத் தொறந்துறாத. ஆத்தாளுக்குப் புத்துன்னு தெரிஞ்சா என் சரோஜாவ எவன் கட்டுவான்? தையில கல்யாணம் முடியட்டும். அப்புறம் நானே டிரெஸ்ஸர்கிட்ட போறேன்." மாரியம்மன் பேரில் சத்தியம் கேட்டாய். செய்து கொடுத்தேன். தைக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது.

எட்டு மாதம் அக்கா. ஞாயிறு போக மற்ற எல்லா நாளும் என் கை அதன் மேல் போய் வந்தது. முதலில் புளியங்கொட்டை அளவு. ஆடியில் கொட்டைப்பாக்கு. தீபாவளிக்குப் பிறகு எலுமிச்சை. உன் புருஷனுக்குத் தெரியாது, பெற்ற மகளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கையை எடுத்ததும் என் முகத்தைப் பார்ப்பாய். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு "போக்கா" என்பேன். அடுத்தவளைக் கூப்பிடுவேன்.

சத்தியத்துக்குக் கட்டுப்பட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். சொன்னால் நீ என்னிடம் பேசமாட்டாய், லயத்தில் என்னை ஊர் வாய் என்பார்கள், கல்யாணம் நின்றால் பழி என் தலையில் விழும். இதற்கெல்லாம்தான் பயந்தேன். பயப்படாதவள் என்று வேலை கொடுத்தார்கள், பார்.

கல்யாணம் நடந்தது. நீ சொன்னபடி டிரெஸ்ஸரிடம் போனாய். அதற்குள் அது வாய் திறந்துவிட்டது. பெரிய ஆசுபத்திரியில் பார்த்துவிட்டு, இனி அறுத்தும் பிரயோசனமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மாசியும் பங்குனியும் நீ பட்டதை எழுத எனக்குத் தெம்பில்லை. அந்த வாடையை மறைக்க சரோஜா நாள் முழுக்கச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தாள்.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன், உனக்குத் தெரிந்திருக்காது. சுடுகாடு வேலிக்கு வெளியே. கேட்டைத் தாண்டி அரிசி போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் உனக்கு வாய்க்கரிசியை லயத்து வாசலிலேயே போட்டோம். அப்படியும் விடவில்லை. பாடையைக் கேட்டில் இறக்கச் சொன்னான் அந்தப் போலீஸ்காரன். பெண் பிணம், பெண்தான் பார்க்க வேண்டும் என்றான். ரஹிமா அன்றைக்கு லீவு.

உன்னைக் கடைசியாகச் சோதித்ததும் நான்தான் அக்கா. மாலைக்குக் கீழே கையை விட்டேன். இடது பக்கம் போனதும் கை தானாக நின்றது, பழக்கம். சரோஜா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தினம் தடவுனீங்களே சின்னம்மா, ஒன்னுமே தெரியலயா?" என்று கேட்டாள்.

"தெரியல கண்ணு" என்றேன்.

ஒன்றரை வருஷம் அந்தப் பொய்யோடு அவளைத் தினம் கேட்டில் பார்த்தேன். உன் மர நிரையைத்தான் அவள் இப்போது வெட்டுகிறாள். என்னைப் பார்த்தால் வீட்டில் வைத்த குழம்பைப் பற்றிச் சொல்வாள். நானும் சிரித்துக்கொண்டு கேட்பேன். எப்படி முடிந்தது என்று தெரியவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் குளிக்கும்போது என் விரலில் தட்டியது. கொட்டைப்பாக்கு. வேறொருத்தியாக இருந்தால் வேர்வைக் கட்டி, பால் கட்டி என்று நினைத்திருப்பாள். எனக்கு அந்தச் சலுகை இல்லை. எட்டு மாதம் பாடம் படித்த விரல் இது. சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தெரிந்த நான் உடனே ஓடியிருக்க வேண்டாமா? ஓடவில்லை அக்கா. உன்னைப் போலவே ரவிக்கையைத் தளர்வாகத் தைத்துப் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன். எனக்குக் கட்டிக்கொடுக்க மகளும் இல்லை. கத்திக்குப் பயந்தேன், வேறு காரணம் ஒன்றுமில்லை. உன் மேல் எனக்கு உள்ளுக்குள் ஒரு கோபம் இருந்தது, நீதான் சொல்லவிடாமல் தடுத்தாய் என்று. அந்தக் கோபம் அந்த மூன்று மாதத்தில் போய்விட்டது.

சோதிக்கிறவளையும் சோதிக்க வேண்டும் என்று கேட்டில் சட்டம் உண்டு. நானும் ரஹிமாவும் பேருக்கு ஒருத்தியை ஒருத்தி தட்டிக்கொள்வோம். இரண்டு வாரத்துக்கு முன்னால் புது இன்ஸ்பெக்டர் நின்று பார்த்ததால் அவள் ஒழுங்காகத் தடவினாள். கை நின்றது. "இனி தா பாகூஸ், காக்" என்றாள் காதோடு, மலாயில். இது நல்லதில்லை அக்கா என்று. யாரிடமும் சொல்லிவிடாதே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உன் வார்த்தை அப்படியே என் வாயில் வந்தது.

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கேட்டைச் சாத்தியதும் நேராக டிரெஸ்ஸரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். மூன்று நாள் அவளோடு நான் பேசவில்லை. தமிழில் என்னென்ன ஏச்சு உண்டோ அத்தனையும் ஏசினேன், அவளுக்குப் பாதி புரிந்திருக்கும். நாலாம் நாள்தான் உறைத்தது. டிரெஸ்ஸர் அறை கேட்டிலிருந்து நூறு அடி இருக்குமா? எட்டு மாதத்தில் அந்த நூறு அடியை ஒரு தடவைகூட நான் நடக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சரோஜா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சோற்று உருண்டை என்று இழுத்ததிலிருந்து, பாடைக்குப் பக்கத்தில் நின்று சொன்ன பொய்வரை. அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்காமல் கேட்டாள்.

"அன்னிக்கு ஏன் தெரியலன்னீங்க?"

"பயம்."

"எனக்குக் கல்யாணம் ஆகலன்னா இப்ப என்னா லா? அம்மா இருந்திருக்கும்."

அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ரஹிமா வரிசையில் போய் நின்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

என் மூட்டை கட்டியாகிவிட்டது. அடையாள கார்டு, போலீஸ் கொடுத்த சீட்டு, துவைத்த ரவிக்கை இரண்டு. டுரியான் துங்காலில் பஸ் ஏறி, மலாக்கா தெங்கேராவில் நானும் என் வீட்டுக்காரரும் அவர் அக்கா வீட்டில் தங்குகிறோம். மறுநாள்தான் டாக்டர். வழியில் சாப்பிட ஒன்றும் கட்டிக்கொள்ள முடியாது, நோயாளி என்றாலும் கேட்டுச் சட்டம் சட்டம்தான். அறுத்து எடுப்பார்கள் என்று டிரெஸ்ஸர் ஐயா சொல்லிவிட்டார். மூன்று மாதம் வீணாக்கினது போதும் என்றும் சொன்னார். பிழைப்பேனா என்று கேட்டேன். "பெரிய டாக்டர்தான் சொல்ல வேணும்" என்று சன்னல் பக்கம் பார்த்தார். நான் உன்னிடம் "போக்கா" என்று சொல்லும்போது பார்த்த மாதிரிதான்.

இன்று காலை நடந்ததை எழுதி முடித்துவிடுகிறேன்.

சரோஜா என் வரிசைக்கு வந்தாள். தன் முறை வந்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கையை உயரத் தூக்கினாள். கண் என் மேலேயே இருந்தது.

"நல்லா பாருங்க" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "எங்க பாட்டிக்கு இருந்துச்சு. எங்கம்மாவுக்கு இருந்துச்சு. எனக்கு இருந்தா இங்கயே சத்தமா சொல்லுங்க."

அக்குளில் ஆரம்பித்தேன். இடது பக்கம், வலது பக்கம், கீழே, ஓரம். அவசரப்படவில்லை. சோற்றுக்காகத் தேடவில்லை.

"ஒன்னும் இல்ல" என்றேன்.

"இன்னொரு தடவ."

மறுபடியும் பார்த்தேன். "ஒன்னும் இல்ல சரோஜா. சத்தியமா ஒன்னும் இல்ல." என் குரல் வெளியே நின்ற போலீஸ்காரனுக்கும் கேட்டிருக்கும். அவள் கையை இறக்கினாள். வாளியை எடுத்துக்கொண்டு வெட்டுக்குப் போனாள்.

இந்தச் சேதியை உனக்குச் சொல்லத்தான் அக்கா இவ்வளவும் எழுதினேன். உன் மகளுக்கு ஒன்றும் இல்லை. இன்றைக்கு இல்லை. நான் திரும்பி வரும்வரை ரஹிமா பார்ப்பாள், சொல்லியிருக்கிறேன். நான் வராமலே போனாலும் அவள் பார்ப்பாள். வந்தேனென்றால், என் கை தூக்க முடிகிறவரைக்கும் நான் பார்ப்பேன். ஒருநாள் ஏதாவது தட்டினால் அந்த நிமிஷமே சொல்லுவேன். அவள் என் காலைப் பிடித்துக் கெஞ்சினாலும் சொல்லுவேன். உன் பேரிலேயே சத்தியம் கேட்டாலும் சொல்லுவேன்.

இப்படிக்கு,
உன் மகள் இன்னும் மறுபடி சின்னம்மா என்று கூப்பிடாத
உன் தங்கச்சி
பாக்கியம்